வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். வீட்டுப் பத்திரம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், காலாவதியான ரேஷன் கார்டு... இவற்றுக்கு நடுவே நகராட்சியிலிருந்து வந்த காகிதம் ஒன்று நாலாக மடித்துச் செருகப்பட்டிருக்கும். தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கவிதைக்கு எழுத அதைவிட அதிகம். வீட்டு வரி டிமாண்ட் நோட்டீஸுக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. இத்தனைக்கும் நம் ஊரில் வாசல் தேடி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்படுகிற ஒரே இலக்கியம் அதுதான். சரி, இந்த வாரம் நானே எழுதுகிறேன்.

ஆரம்பம் மோசமில்லை. பெயர் இருக்கும் (பெரும்பாலும் காலமாகிவிட்ட தாத்தாவுடையது). கதவு எண் இருக்கும், பழையது, புதியது. பாக்கி இவ்வளவு, நடப்பு இவ்வளவு. பிறகு கிளைமாக்ஸ்: ‘தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதை நம் அரசாங்க அலுவலகங்கள் மாதிரி ரசித்துப் பயன்படுத்துகிறவர்கள் உலகத்தில் இல்லை. எடுக்கப்படும். யார் எடுப்பார்? என்ன நடவடிக்கை? எப்போது? ஒன்றுக்கும் பதில் கிடையாது. படிக்கிற ரிட்டயர்டு வாத்தியாருக்கு ராத்திரி தூக்கம் போகும். படிக்கிற லாட்ஜ் ஓனருக்குக் கொட்டாவி வரும். இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்தான்.

நேரடியாகவே கேட்டுவிடுவோம். வரி கட்டாவிட்டால் வீடு போய்விடுமா?

சட்டப் புத்தகத்தில் அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதலில் பில். அப்புறம் கெடு வைத்து டிமாண்ட் நோட்டீஸ். கெடுவும் தாண்டினால் வாரன்ட், வீட்டிலுள்ள அசையும் பொருள்களை ஜப்தி செய்து ஏலம். அதிலும் தேறாவிட்டால் கோர்ட்டில் வழக்கு. புதுச்சேரிக்கு 1973-ஆம் வருஷத்து நகராட்சிகள் சட்டம். சென்னையை நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டது 1919-ஆம் வருஷத்துச் சட்டம். ஊருக்கு ஊர் பிரிவு எண்கள் மாறும், வட்டி விகிதம் மாறும். படிக்கட்டு ஏறக்குறைய ஒன்றுதான்.

கோர்ட் வரைக்கும் போய், டிகிரி வாங்கிக்கொண்டு அமீனா வந்தால் எதையெல்லாம் தொடக் கூடாது என்று 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது. படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. அதாவது நம்மூர் தாலி. விவசாயியும் கூலித் தொழிலாளியும் வீட்டு வேலை செய்பவரும் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. குமாஸ்தா வீடு? வாத்தியார் வீடு? அந்தப் பட்டியலில் இல்லை. இருபது வருஷ லோன் போட்டுக் கட்டிய வீட்டைவிட அந்த வீட்டுக் குக்கருக்குப் பாதுகாப்பு அதிகம்!

பயப்படாதீர்கள். வீட்டு வரிக்காக ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது என்று புதுச்சேரியில் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் அமெரிக்காவில் வந்திருக்கிறார்கள். மினியாபோலிஸ் நகரத்தில் ஒரு மூதாட்டி. தனியாக இருக்கப் பயந்து தன் சின்ன அபார்ட்மென்ட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். பழைய வீட்டுக்கு வரி ஏறிக்கொண்டே இருந்தது. அசல் பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டி, அபராதம், செலவு என்று இன்னொரு 13,000. ஆக மொத்தம் 15,000. ஹென்னபின் கவுன்டி நிர்வாகம் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மிச்சம் 25,000? அதையும் தானே வைத்துக்கொண்டது! அந்த மாநிலச் சட்டம் அப்படி. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். அப்போது அந்தப் பாட்டிக்கு வயது 94. நம் கோர்ட் ஏலத்தில் கடன் போக மிச்சம் வீட்டுக்காரருக்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவைவிட நாகரிகமானவர்கள் என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் கவலை இல்லையா என்றால், இருக்கிறது. அது நோட்டீஸில் எழுதாத இடத்தில் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். கம்பெனி கணக்குப் பாடத்தில் எங்களுக்கு ‘ஃபர்ஸ்ட் சார்ஜ்’ என்று ஒரு சமாசாரம் வரும். ஒரு சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்கும்போது கியூவில் முதல் ஆள் யார் என்பதுதான் அது. சென்னையின் 1919 சட்டத்தில் 104-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? அரசுக்குச் சேர வேண்டிய நிலவரி போக, சொத்து வரிதான் அந்தக் கட்டடத்தின் மேல் முதல் சார்ஜ். உங்களுக்கு லோன் கொடுத்த வங்கிக்கு முன்னால் நகராட்சி நிற்கும். அதுவும் எப்படி? வங்கிக்கு நீங்கள் முப்பது கையெழுத்துப் போட்டீர்கள், பத்திரத்தை ஒப்படைத்தீர்கள். நகராட்சிக்கு ஒரு கையெழுத்தும் போடவில்லை. பாக்கி விழுந்த அன்றைக்கே சட்டம் தானாக அதை உங்கள் சுவரில் ஒட்டிவிடுகிறது. ஆளை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்ளும் கடன் இது. ஆள் போனாலும் வீடு கடனாளியாகவே நிற்கும்.

வீடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறார். முப்பது வருஷத்துக்கு எடுக்கிறார். ‘வில்லங்கம் இல்லை’ என்று வருகிறது. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஆனால் அந்தச் சான்றிதழ் காட்டுவது பதிவான பத்திரங்களை மட்டும்தான். சட்டம் தானாக ஒட்டிய இந்த சார்ஜை யாரும் பதிவு செய்வதில்லை, செய்யச் சொல்லி விதியும் இல்லை. பதினைந்து வருஷ வரி பாக்கி உள்ள வீட்டுக்கும் வில்லங்கச் சான்றிதழ் பளிச்சென்று இருக்கும்.

இது எல்லா ஊருக்கும் பொதுவான தொல்லை. புதுச்சேரியில் மட்டும் கொஞ்சம் பிரெஞ்சு வாசனையோடு வரும். ஈஸ்வரன் கோயில் வீதி, வைசியாள் வீதிப் பக்கம் நடந்து பாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த பழைய வீடு. பூட்டு துருப்பிடித்திருக்கும். விசாரித்தால் கதை ஒரே மாதிரி இருக்கும். தாத்தா சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிள்ளைகளில் ஒருவர் பாரீஸ் பக்கம், ஒருவர் ரீயூனியன் தீவில், ஒருவர் சென்னையில், ஒருவர் மட்டும் இங்கே. பாகப்பிரிவினை ஆகவில்லை. வரி பில் இன்னும் தாத்தா பெயரில்தான்.

பாரீஸ் அண்ணனுக்கு அங்கே சொந்த வீடு இருந்தால், ‘தாக்ஸ் ஃபோன்சியேர்’ என்ற வீட்டு வரியை அக்டோபர் நடுவில் ஒழுங்காகக் கட்டிவிடுவார். தாமதித்தால் பத்து சதவிகிதம் கூடுதலாகப் போட்டுத் தீட்டிவிடுவார்கள். அதே அண்ணன் இங்கே வந்தால், “அங்க குடியிருக்கிறவன் தம்பிதானே, அவன் கட்டட்டும்” என்பார். தம்பி கேட்பார்: “நாலு பேர் சொத்துக்கு நான் ஒருத்தன் ஏங்க கட்டணும்?” இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது. நகராட்சிக்கு அந்த நியாயங்கள் தேவையே இல்லை. சார்ஜ் முழு வீட்டின் மேல்.

தம்பி ஒருவேளை இருபது வருஷம் தானே கட்டினார் என்று வையுங்கள். ரசீதுகளை வரிசையாகக் கோத்து வைத்துக்கொண்டு, “வரி கட்டுறவன் நான், வீடு என்னுது” என்று ஒருநாள் சொல்வார். செல்லாது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. கூட்டுச் சொத்தில் ஒருவர் குடியிருந்தால், மற்ற பங்காளிகளுக்கும் சேர்த்து அவர் குடியிருக்கிறார் என்பதுதான் சட்டத்தின் அனுமானம். கட்டினால் வீடு சொந்தமாகாது, கட்டாவிட்டால் கடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். தம்பிமார்கள் பாவம்.

கடைசியில் ஒருநாள் வீடு விலைபேசப்படுகிறது. பாண்டிச்சேரி மனை விலை உங்களுக்கே தெரியும். அப்போதுதான் பெயர் மாற்றத்துக்கோ லோனுக்கோ ‘நடப்பு வரி ரசீது கொண்டாங்க’ என்று ஒரு குரல் வருகிறது. தாத்தா காலத்துப் பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் ஒரே நாளில் எழுந்து உட்காருகின்றன. நாலு வாரிசும் நாலு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் ஒரு புரோக்கர், “அதைப் பாத்துக்கலாம் சார்” என்கிறார். இந்த ‘பாத்துக்கலாம்’ என்ற சொல்லை நம்பி ரிஜிஸ்டர் செய்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இரண்டு பேர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முந்தைய ஓனர் வைத்துவிட்டுப் போன பாக்கியை வாங்கியவர் கட்ட வேண்டுமா? இதற்கு உச்ச நீதிமன்றம் 1971-லேயே பதில் சொல்லியிருக்கிறது. அகமதாபாத்தில் 1950-களில் ஒருவர் கோர்ட் ஏலத்தில் வீடு எடுத்தார். பழைய ஓனரின் வரி பாக்கிக்காக மாநகராட்சி அந்த வீட்டின் மேல் கை வைத்தது. வழக்கு டெல்லி வரை போயிற்று. தீர்ப்பு என்னவென்றால், பணம் கொடுத்து வாங்கியவருக்கு இந்த பாக்கி பற்றித் தெரியாது என்றால், வீட்டின் மேலுள்ள சார்ஜ் அவரைக் கட்டுப்படுத்தாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-வது பிரிவு அவரைக் காப்பாற்றுகிறது. தெரியாமல் வாங்கினாலும் வாங்கியவர்தான் பொறுப்பு என்று உள்ளூர்ச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. 2009-ல் ஒரு கம்பெனி ஏல வழக்கிலும் இதே வழியில்தான் தீர்ப்பு வந்தது.

நல்ல தீர்ப்பு. ஏமாந்தவனைக் காப்பாற்றுகிற தீர்ப்பு. ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். ‘தெரியாது’ என்பது விலைமதிப்புள்ள சொல்லாகிவிட்டது. அதற்காகக் காதைப் பொத்திக்கொண்டு வாங்கவும் முடியாது. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் இருந்தால், தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று அதே சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. ஆக, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் ஒரு நீதிபதி முடிவு செய்ய வேண்டும். அகமதாபாத்காரருக்கு அதைத் தெரிந்துகொள்ளப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என் கோபம் இங்கேதான். பாக்கிக் கணக்கு நகராட்சிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழ் சப்-ரிஜிஸ்திரார் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் பிள்ளைகள். புதுச்சேரி மாதிரி சின்ன ஊரில் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொன்றுக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். வில்லங்கச் சான்றிதழின் அடியில் ‘வீட்டு வரி பாக்கி: இவ்வளவு’ என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். வாங்குகிறவர் ஏமாற மாட்டார், விற்கிறவர் மறைக்க முடியாது, நகராட்சிக்கு விற்பனை நாளன்றே பணம் வந்துவிடும். அமீனா வேண்டாம், வாரன்ட் வேண்டாம். இதற்கு ராக்கெட் விஞ்ஞானிகள் தேவையில்லை, என் மாதிரி ஒரு பி.காம். போதும்.

அதை விட்டுவிட்டு நம் நகராட்சிகளுக்குத் தெரிந்த இன்னொரு வழி, மானத்தை வாங்குவது. 2006-ல் பாட்னா மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா? வரி பாக்கி வைத்த கடைகள், வீடுகள் முன்னால் திருநங்கைகளை அனுப்பிப் பாடி ஆட வைத்து வசூல் செய்தது. பணம் வந்தது. உலகமெல்லாம் செய்தி போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சமூகத்தைப் பார்த்தால் மற்றவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள் என்பதையே அரசாங்கம் ஆயுதமாக எடுத்தது. வேலை கொடுத்தோம் என்று பெருமை வேறு. அவர்களுக்கு அதே ஆபீஸில் பில் கலெக்டர் உத்தியோகம் கொடுத்திருக்கலாமே.

மறுபடியும் நம் நோட்டீஸுக்கு வருவோம். அது மிரட்டுகிறது, சரி. உங்கள் உரிமையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? 2020-ல் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். கொரோனா ஊரடங்கு. ரஜினிகாந்தின் ராகவேந்திரா கல்யாண மண்டபம் மார்ச்சிலிருந்து மூடிக் கிடந்தது. அரையாண்டுக்கு சுமார் ஆறரை லட்சம் சொத்து வரி கேட்டு சென்னை மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. கட்டடம் காலியாகக் கிடந்தால் வரியில் சலுகை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கேட்டு மாநகராட்சிக்கு எழுதினார். பதிலுக்குக் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்துக்கும் போனார். என்ன அவசரம், செலவுத்தொகை விதிக்கவா என்று நீதிபதி கேட்க, வழக்கு வாபஸ். மறுநாளே வரியையும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் அபராதத்தையும் கட்டினார். அனுபவமே பாடம் என்று ட்விட்டரிலும் போட்டார்.

எல்லோரும் அதைப் பார்த்து ‘தலைவருக்கே அபராதமா’ என்று ரசித்தோம். கவனிக்க வேண்டியது வேறு. காலியாகக் கிடந்தால் சலுகை கேட்கலாம் என்பது வக்கீல் வைத்திருப்பவருக்குத் தெரிந்திருந்தது. வாடகைக்கு ஆள் வராமல் வருஷக்கணக்கில் மாடி போர்ஷனைப் பூட்டி வைத்திருக்கும் பெரியவருக்கு யார் சொன்னார்கள்? மதிப்பீடு தப்பு என்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று நோட்டீஸில் நாலு வரி பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

“குப்பை அள்ளலை, சாக்கடை தூர் வாரலை, நான் ஏன் வரி கட்டணும்?” என்று கேட்பீர்கள். டீக்கடையில் ஜெயிக்கிற வாதம், கோர்ட்டில் தோற்கும். கட்டணம் என்றால் பதிலுக்குச் சேவை இருக்க வேண்டும், வரி என்றால் அப்படி எதிர்பார்க்க முடியாது என்று 1954-லேயே சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது. அது சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்துப் போன வழக்கு. தீர்ப்பு வந்த அதே 1954-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு இங்கே குடிதண்ணீர் பொதுப்பணித் துறையிடம், கரன்ட் மின்துறையிடம். நகராட்சி மேல் கோபப்பட்டு வரியை நிறுத்தினால் அடி யாருக்கு விழும் என்பதே சிக்கலான கேள்வி.

கோர்ட்டில் தோற்கட்டும். அதற்காக அந்தக் கேள்வி தப்பாகிவிடாது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, நம் நகராட்சியின் சொந்த வீடு. ஒழுகுகிறது, விரிசல் விட்டிருக்கிறது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 2014 நவம்பர் 29-ஆம் தேதி, மழையில், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வரி மதிப்பீடு செய்கிறவர்களின் வீடு! பிறகு உலக வங்கி உதவியோடு சுமார் பதினைந்து கோடியில் அதே ஜாடையில் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். அழகாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் உள்ளே உட்கார மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில்? 1880-ல் பிரெஞ்சுக்காரன் ஆணை போட்டு நகரசபைகளை அமைத்த ஊர் இது. சுதந்திர இந்தியாவில் 1968-ல் ஒரு தேர்தல். அடுத்தது 38 வருஷம் கழித்து 2006-ல்! அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதியெல்லாம் அறிவித்து, இடஒதுக்கீட்டுக் குழப்பத்தில் கோர்ட் வரை போய், நின்றது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தியே ஆக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. நீங்கள் வரி கட்டக் கெடு தவறினால் வட்டி, அபராதம், ஜப்தி. அவர்கள் தேர்தல் நடத்தக் கெடு தவறினால்?

கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால், காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, “என்னங்க, என் வீட்டுக்கு இவ்வளவு போட்டிருக்காங்க” என்று நோட்டீஸை நீட்டலாம். அவர் சரியில்லாவிட்டால் அடுத்த தடவை ஓட்டு கிடையாது. கமிஷனரை நீங்கள் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. மேலிடம் மாற்றும், பெரும்பாலும் அவர் நம் தெருப் பெயர்களைக் கற்றுக்கொண்ட வாரத்தில்.

கடைசியாக ஒரு விஷயம். உள்ளாட்சிச் சட்டங்களில் பரவலாக ஒரு விதி உண்டு. நோட்டீஸ் கொடுத்தும் வரி பாக்கியைக் கட்டாதவர் கவுன்சிலர் தேர்தலில் நிற்க முடியாது. உங்கள் பீரோவில் உள்ள காகிதத்தால் வரக்கூடிய தண்டனைகளில், புதுச்சேரிக்காரர்கள் யாரும் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாத ஒன்று அது.